இரவுச் சோற்றுக்குப் பதில் பிரெட்: சுகர் உள்ளவர் எதை வாங்குவது, எவ்வளவு சாப்பிடுவது

மார்த்தாண்டத்திலிருந்து வந்த கேள்வி இது. அப்பாவுக்கு வயது 58, இரண்டாம் வகை சர்க்கரை நோய், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தச் சோதனை) 7.4. மாத்திரை தொடங்கும் முன் மூன்று மாதம் சாப்பாட்டில் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு, களியக்காவிளையில் ஒரு பேக்கரியில் வாங்கும் ஆட்டா பிரெட் நாலு ஸ்லைஸும் ஒரு டம்ளர் பாலும் எடுக்கிறார். ஆனாலும் சுகர் இறங்கவில்லை. எந்த பிரெட் நல்லது, ஷுகர் ஃப்ரீ பிரெட் வாங்கலாமா, மாலைச் சாயாவோடு ரஸ்க் ஆகுமா, வீட்டிலேயே பிரெட் சுட்டுக்கொள்ளலாமா?

முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிடலாம், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்லைஸ் ஒன்று சுமார் 25 கிராம். அதில் மாவுச்சத்து 12 கிராம் அளவுக்கு இருக்கும். நாலு ஸ்லைஸ் என்றால் 48 கிராம். 200 மில்லி பாலில் இயற்கையாகவே 10 கிராம் சர்க்கரை உண்டு. மொத்தம் 58. வெந்த சோற்றில் 100 கிராமுக்கு 28 கிராம் மாவுச்சத்து. ஆக, அப்பா விட்டது 200 கிராம் சோறு என்றால், வேறு வடிவில் அதே அளவைத்தான் திரும்பச் சாப்பிடுகிறார். சோற்றோடு முன்பு மீன்குழம்பும் துவரனும் (தேங்காய் போட்ட காய்ப் பொரியல்) இருந்தன. இப்போது அதுவும் இல்லை, வெறும் பிரெட்டும் பாலும். சுகர் இறங்காததில் வியப்பில்லை.

சோற்றை விட பிரெட் 'லைட்' என்ற எண்ணம் நம் ஊர்களில் ஊறிப்போனது. காய்ச்சல்காரருக்கு ரொட்டியும் பாலும் கொடுத்த பழக்கத்தில் வந்தது. செரிக்க லேசு என்பது உண்மைதான். ஆனால் சுகர் உள்ளவருக்கு அதுதான் சிக்கல்: சீக்கிரம் செரிக்கும் மாவு, சீக்கிரம் குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறும்.

இதை அளக்கத்தான் கிளைசமிக் இண்டெக்ஸ் என்ற அளவுகோல். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்தால், வெள்ளை பிரெட்டுக்கு 75. சரி, கோதுமை பிரெட்டுக்கு எவ்வளவு? 74. மைதாவுக்கும் முழுக்கோதுமைக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். அதே கோதுமையில் சுட்ட சப்பாத்திக்கோ 52 தான். காரணம் மாவின் நிறத்தில் இல்லை. பிரெட் மாவை ஈஸ்ட் ஊதி நுரைபோலப் பொங்க வைக்கிறது. எல்லாப் பக்கமும் காற்றறை. அதோடு மில்லில் மிக நைசாக அரைத்த மாவு. வாயிலும் குடலிலும் இருக்கும் நொதிகள் அத்தனை சிறு துகளையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடுகின்றன. சப்பாத்தி அடர்த்தியானது, நொதி உள்ளே போக நேரம் பிடிக்கும். முழுத்தானியம், நொறுக்கிய தானியம் கண்ணுக்குத் தெரியும்படி கிடக்கும் பிரெட்டுக்கும் சராசரி 53 தான் வருகிறது. ஆகவே பிரெட் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி 'வெள்ளையா பிரவுனா' என்பதல்ல. 'தானியம் எவ்வளவு நொறுங்கியிருக்கிறது' என்பது.

முழுக்கோதுமையால் பயனே இல்லை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நார்ச்சத்து கூடுதல், மெக்னீசியம் கூடுதல், வயிறு நேரம் தாங்கும். ஆனால் 'ஆட்டா பிரெட்தானே' என்று அளவில்லாமல் சாப்பிட அது அனுமதிச் சீட்டு ஆகாது.

இனி பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பது. முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம், பின்பக்கம்தான் பிரெட். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதாக வரிசைப்படுத்த வேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் 'ஹோல் வீட் ஃப்ளோர்' அல்லது 'ஆட்டா' என்று இருக்கிறதா? 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்' என்றால் மைதா. வெறும் 'வீட் ஃப்ளோர்' என்று போட்டிருந்தாலும் மைதா என்றே வைத்துக்கொள்ளுங்கள். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வகுத்த தரப்படி, 'ஹோல் வீட் பிரெட்' என்று பெயர் போட மாவில் குறைந்தது 75 சதவீதம் முழுக்கோதுமை மாவு வேண்டும். 'பிரவுன் பிரெட்' என்றால் 50 சதவீதம் போதும், மீதி மைதாவாகவே இருக்கலாம். 'மல்ட்டிகிரெய்ன்' பெயருக்குக் கோதுமை அல்லாத தானியம் 20 சதவீதம் போதும். எனவே மேலே எள்ளும் ஓட்ஸும் தூவி, உள்ளே பெரும்பகுதி மைதாவாக ஒரு மல்ட்டிகிரெய்ன் பிரெட் வரலாம். அதில் சட்டமீறல் எதுவும் இல்லை. சேர்மானத்தில் ஐஎன்எஸ் 150 என்று எண் (உணவில் சேர்க்கும் நிறம், பதப்படுத்தி போன்றவற்றின் குறியீடு) இருந்தால் அது கேராமல் நிறம். அது நஞ்சல்ல, ஆனால் பழுப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும். ஐஎன்எஸ் 282 பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் கால்சியம் புரோப்பியோனேட்; சுகர் கணக்கில் அதைப் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்து சத்துப் பட்டியல். 100 கிராமுக்கு எவ்வளவு என்ற வரியைப் பாருங்கள், 'ஒரு சர்விங்' வரியை அல்ல. சர்விங் என்று ஒரே ஒரு ஸ்லைஸைக் காட்டி எண்ணைச் சின்னதாக்கியிருப்பார்கள். மாவுச்சத்தைப் பத்தால் வகுங்கள், நார்ச்சத்து அதற்குக் குறையக் கூடாது. 45 கிராம் மாவுச்சத்து இருந்தால் நார்ச்சத்து நாலரையாவது வேண்டும், ஆறு இருந்தால் தாராளமாக வாங்கலாம். வெள்ளை பிரெட்டில் இரண்டு மூன்றுக்கு மேல் இருக்காது. நார்ச்சத்து வரியே இல்லாத பாக்கெட்டும் உண்டு. கட்டாயம் அச்சிட வேண்டிய பட்டியலில் அது இல்லை. சொல்லிக்கொள்ளும்படி நார்ச்சத்து இருந்தால் எந்தக் கம்பெனியும் அச்சிடாமல் விடாது. சேர்த்த சர்க்கரை 100 கிராமுக்கு 3 கிராமுக்குள் இருக்கட்டும். கேரளப் பக்கத்திலிருந்து வரும் மில்க் பிரெட்டும் ஸ்வீட் பிரெட்டும் இதில் அடிபட்டுப் போகும். சோடியத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பிரெட்டில் 100 கிராமுக்கு 400, 500 மில்லிகிராம் சாதாரணம். பிரஷரும் சேர்ந்திருக்கும் வீட்டில் நாலு ஸ்லைஸ் உப்பு சும்மா போகாது.

ஷுகர் ஃப்ரீ பிரெட் பற்றி: பெயர் பொய்யில்லை, ஆனால் பயனும் இல்லை. சாதாரண பிரெட்டில் சர்க்கரை ஸ்லைஸுக்கு ஒரு கிராம் வாக்கில்தான். ரத்தத்தில் ஏறுவது மீதி 11 கிராம் மாவுச்சத்து, அதை யாரும் எடுக்கவில்லை. சில பாக்கெட்டில் சர்க்கரைக்குப் பதில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற, மாவுச்சத்தை உடைத்துச் செய்த பொடியைப் போடுகிறார்கள்; அது சர்க்கரையை விட வேகமாக ஏற்றும். மால்ட்டிட்டால் என்ற மாற்று இனிப்பைப் போட்டால் வயிறு உப்பும். கூடுதல் காசு கொடுத்து வாங்க ஒன்றும் இல்லை.

பேக்கரியில் அடுக்கி வைத்திருக்கும் லேபிள் இல்லாத பிரெட்டுக்கு இதெல்லாம் செல்லாது. அங்கே கேட்க வேண்டியது: ஒரு கிலோ மாவுக்கு ஆட்டா எவ்வளவு, மைதா எவ்வளவு, சீனி எவ்வளவு? பாதிக்குப் பாதி கலப்பது சகஜம், ஆட்டா மட்டும் போட்டால் பிரெட் எழும்பாது என்று மாஸ்டரே சொல்வார். அவர் சொல்வது சரி. தவிட்டின் கூரான துகள்கள் மாவின் பசைத்தன்மையை அறுத்துவிடும், அதனால் காற்றைப் பிடித்து வைக்க முடியாது. ஆகவே நூறு சதவீத ஆட்டா பிரெட் என்று ஒன்று பஞ்சுபோல உயரமாக நின்றால் சந்தேகப்படுங்கள். கோதுமைப் பசையைத் தனியாகச் சேர்த்திருக்கலாம், அது பரவாயில்லை. இல்லையென்றால் மைதா. ஒரு ஸ்லைஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஆட்டா இருந்தால் வெளிறிய மாவுக்குள் செம்பழுப்புப் புள்ளிகள் சீரில்லாமல் தெரியும். நிறம் கட்டஞ்சாயா ஊற்றியதுபோல ஒரே சீராக இருந்தால் அது சாயம். கையில் எடுத்தால் கனமும் சொல்லிவிடும்: ஒரே அளவு லோஃபில் ஆட்டா உள்ளதுதான் கனம்.

எந்த பிரெட் என்பதை விட, எத்தனை கிராம், எதோடு என்பதில்தான் சுகர் நிற்கிறது. உங்கள் அப்பாவுக்கு இரவுக்கு இரண்டு ஸ்லைஸ், அதாவது 50 கிராம். அதற்கு மேல் வேண்டாம். பாக்கெட்டின் எடையை ஸ்லைஸ் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். சாண்ட்விச் பிரெட் என்று பெரிதாக வருவது ஒன்றே 35, 40 கிராம் இருக்கும். பாலை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இரண்டு முட்டை, அல்லது நாலைந்து சாளை போட்ட குழம்பு, அல்லது அவித்த சிறுபயறு அரைக் கிண்ணம் வையுங்கள். முட்டைக்கோஸோ அவரையோ துவரன் ஒரு கிண்ணம். சாப்பிடும் வரிசையும் முக்கியம். துவரனும் மீனும் முதலில், பத்து நிமிடம் கழித்து பிரெட். புரதமும் காய்கறியும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, அதே அளவு மாவுச்சத்துக்கு ஏற்றம் குறைகிறது. செலவில்லாத வைத்தியம் இது. ஆனால் பெரும்பாலோர் பிரெட்டைத்தான் முதலில் பிய்க்கிறார்கள்.

ஜாம் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு மேசைக்கரண்டி ஜாம் 20 கிராம், அதில் 12, 13 கிராம் சர்க்கரை. அது இன்னொரு ஸ்லைஸுக்குச் சமம். சாயாவில் இரண்டு ஸ்பூன் சீனி இன்னொரு 10 கிராம். பழி மட்டும் பிரெட்டுக்கு.

ரஸ்க் என்பது வறுத்துக் காய்ந்த இனிப்பு பிரெட்தான். தண்ணீர் போய்விட்டதால் 100 கிராமுக்கு மாவுச்சத்து 70க்கு மேல். சின்னதாக, லேசாக இருப்பதால் கை நாலைந்து எடுத்துவிடும். ஒன்று என்றால் ஒன்று, சீனி இல்லாத சாயாவோடு; அதுவும் தினமும் வேண்டாம். அந்த நேரத்துக்கு ஒரு பிடி வறுத்த நிலக்கடலையோ கொண்டைக்கடலைச் சுண்டலோ எவ்வளவோ மேல். தேங்காய் பன், ஜாம் பன் எல்லாம் பலகாரக் கணக்கு, பிரெட் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கேரள எல்லைப் பக்கத்தில் இருப்பதால் பரோட்டாவையும் தொட்டுவிடுகிறேன். பரோட்டா சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 150 தான் காட்டுகிறது, அப்படியானால் பிரெட்டை விட நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெய் செரிமானத்தைத் தள்ளிப்போடுகிறது. ஏற்றம் மூன்றாவது நான்காவது மணி நேரத்தில் வரும், நீங்கள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பீர்கள். மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்க்கும் எண்ணில் அது தலைகாட்டும். புட்டும் அப்படி ஒன்றும் அப்பாவி இல்லை: ஒரு குழலில் 80 கிராம் அரிசிமாவு போனால் மாவுச்சத்து 60 கிராமைத் தாண்டும். ஆனால் அரைக் குழல் புட்டும் நிறைய கடலைக் கறியும் என்றால், நாலு ஸ்லைஸ் பிரெட்டையும் பாலையும் விட அதுவே மேல் என்பேன். கடலையின் புரதமும் நாரும் அங்கே வேலை செய்கின்றன. மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) பிரெட்டோடு ஒரே நாள் இரவில் வைக்காதீர்கள், இரண்டும் மாவுதான்.

அப்பாவுக்கு பிரெட் பிடித்துச் சாப்பிடுகிறாரா, இல்லை சுகருக்கு நல்லது என்று நம்பிச் சாப்பிடுகிறாரா? இரண்டாவது என்றால் பிரெட்டே தேவையில்லை. இரண்டு சின்னச் சப்பாத்தியில் (மாவு மொத்தம் 45 கிராம்) முடித்துக்கொள்ளலாம், விலையும் குறைவு.

பிடித்துத்தான் சாப்பிடுகிறார் என்றால் வீட்டில் சுடுவதே சிறந்தது, நொறுக்குக் கோதுமை போட்ட பிரெட் இங்கே கடைகளில் எளிதில் கிடைக்காது. அளவு இது: நொறுக்கிய கோதுமை ரவை 100 கிராம், அதை 120 மில்லி கொதிநீர் ஊற்றி மூடி அரைமணி நேரம் ஊற வைக்கவும். ஆட்டா 250 கிராம், கடலைமாவு 50 கிராம், ஆளிவிதைப் பொடி 25 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 6 கிராம், எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி. ஆறிய ரவையை எல்லாவற்றோடும் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் 220 மில்லி முதலில் ஊற்றிப் பிசையவும். ஐந்து நிமிடம் அப்படியே விட்டால் ஆட்டா தண்ணீரைக் குடிக்கும், பிறகு தேவைப்பட்டால் இன்னும் 20, 30 மில்லி. சப்பாத்தி மாவை விடத் தளர்வாக, விரலில் லேசாக ஒட்டும் பதம்தான் சரி. கெட்டியாகப் பிசைந்தால் செங்கல்தான் வரும். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து மூடி வைக்கவும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு மணி நேரம் போதும். காற்றைத் தட்டி, எண்ணெய் தடவிய 9 அங்குல நீள டின்னில் உருட்டி வைத்து, 30 முதல் 40 நிமிடம் எழும்ப விடவும். இங்கேதான் பலருக்கும் தவறுகிறது: மைதா பிரெட்போல இரண்டு மடங்கு எழும்பும் என்று காத்திருந்தால் ஆட்டா மாவு உச்சிக்குப் போய்த் தளர்ந்து, ஓவனில் நடுவில் குழி விழுந்துவிடும். ஒன்றரை மடங்கு ஆனதும், விரலால் அழுத்தினால் குழி மெதுவாக மீளும் நிலையில், ஓவனில் வையுங்கள். முன்கூட்டியே சூடாக்கிய 200 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். அடியில் தட்டினால் பொள்ளலான சத்தம் வர வேண்டும்.

சூட்டோடு வெட்டக் கூடாது. உள்ளே மாவு இன்னும் இறுகிக்கொண்டிருக்கும், கத்தியில் பிசின்போல ஒட்டும், 'வேகவில்லை' என்று தவறாக நினைப்பீர்கள். முழுக்க ஆறட்டும், குறைந்தது இரண்டு மணி நேரம். மொத்தம் 700 கிராம் வாக்கில் வரும். 40 கிராம் ஸ்லைஸ் ஒன்றில் மாவுச்சத்து சுமார் 15 கிராம். கடை ஸ்லைஸை விடக் கனமானது, ஆகையால் இரவுக்கு இரண்டே அதிகம். ஒன்றரையில் வயிறு நிறையும். ஈஸ்டுக்குச் சீனி வேண்டுமே என்று தேட வேண்டாம், மாவிலிருந்தே அதற்குப் போதுமானது கிடைக்கும்.

இந்த ஈரக்காற்றில் வெளியே வைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சை. பூஞ்சை தெரிந்த துண்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடுவது ஆகாது, முழுவதையும் கொட்டிவிடுங்கள். ஆறியதும் ஸ்லைஸ் போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது நேராகக் கல்லில் வாட்டலாம். இதில் ஒரு சின்ன ஆதாயம் உண்டு: உறைய வைத்து வாட்டிய பிரெட்டில் மாவுச்சத்தின் ஒரு பகுதி மறுபடி இறுகி, செரிக்கத் தாமதமாகிறது. வெள்ளை பிரெட்டில் சோதித்தபோது சுகர் ஏற்றம் குறைந்தது. இதை நம்பி இன்னொரு ஸ்லைஸ் எடுக்கும் அளவுக்குப் பெரிய ஆதாயம் இல்லை.

கடைசியில் தீர்ப்பு சொல்ல வேண்டியது குளுக்கோமீட்டர். ஒரே பிரெட் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக ஏறும். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. முடித்த நேரத்திலிருந்து கணக்கிட்டால் எண் குறைவாகத் தெரியும். இரண்டாவது எண் 180க்குள் இருக்க வேண்டும். ஏற்றம் 50க்குள் நின்றால் அந்த பிரெட்டும் அந்த அளவும் அப்பாவுக்கு ஒத்துப்போகிறது. மூன்று இரவு இரண்டு ஸ்லைஸ், வேறு மூன்று இரவு இரண்டு சப்பாத்தி, தொட்டுக்கொள்வது ஒன்றே. மீட்டருக்கே 15 சதவீதம் வரை முன்பின் அனுமதி உண்டு, அதனால் 160க்கும் 168க்கும் வித்தியாசம் தேட வேண்டாம். ஏத்தம்பழம் உரித்த கையோடு குத்தினால் 250 கூடக் காட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கவும். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள். ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெடும். காலையில் பிரெட் சாப்பிடும் வழக்கம் இருந்தால் அதைத் தனியாகச் சோதியுங்கள், பலருக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் பின்தான் ஏற்றம் அதிகம்.

உங்கள் அப்பா மாத்திரை எடுக்கவில்லை, அதனால் அளவைக் குறைப்பதில் பயமில்லை. இதைப் படிக்கும் மற்றவர்கள் கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, இன்சுலின் எதிலாவது இருந்தால், இரவு மாவுச்சத்தைத் திடீரெனப் பாதியாக்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவு அப்படியே இருந்தால் நடுராத்திரி சுகர் 70க்குக் கீழே இறங்கி வியர்வையும் படபடப்புமாக எழ நேரிடும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தவே கூடாது. சுகர் சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. கிட்னி பாதிப்பு இருப்பவர்கள் மேலே சொன்ன முட்டை, பயறு அளவுகளை அப்படியே எடுக்காமல் கிரியாட்டினின் ரிப்போர்ட்டோடு கேட்டுக்கொள்ளட்டும்.